பாடசாலைத் தோட்டமும் பாடமாகட்டும்

ஆசிரியருக்கு,

பாடசாலைத் தோட்டம் பற்றிய தங்கள் கட்டுரையை முழுமனதோடு வரவேற்கிறேன். சென்ற மாரியில் என் பேத்தி வளவில் நட்ட பயிற்றைக் கொடியொன்றை வேரோடு கிண்டியெடுத்தோம். வேரெங்கும் கடுகளவு முடிச்சுகள். நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பு. காற்றிலுள்ள நைதரசனைப் பற்றீரியா பயிருக்குப் பசளையாக்கும் இடம் அதுதான் என்றேன். விஞ்ஞானப் புத்தகத்தை அவளே தேடி எடுத்துவந்தாள்.

நவம்பரில், வடமாகாண மரநடுகை மாதத்தில், பாடசாலைகளில் கன்றுகள் நடுகிறார்கள், நல்ல விடயம். ஆனால் நட்டபின் பராமரிப்புப் போதாது. கரையோரக் கிணறுகள் உவர்ப்பாக உள்ள எங்கள் பக்கத்தில் மாரி மழைதான் துணை. ஆகவே ஐப்பசியிலேயே தரம் 6 முதல் வகுப்புக்கொரு பாத்தி ஒதுக்கி, பயிற்றையும் வெண்டியும் விதைப்பிக்கலாம். மாணவர் எழுதும் அவதானக் குறிப்பேட்டுக்குத் தவணைப் புள்ளியில் பங்கு கொடுக்க வலயக் கல்விப் பணிமனை ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பருத்தித்துறை.