பழைய மொழிக்குப் புதிய நடை

திருவண்ணாமலையின் கணினிப் பயிற்சி மையங்களில் 1990-களில் தவறாமல் கற்பிக்கப்பட்ட பாடம் 'கோபால்'. ஆளின் பெயர்போல ஒலித்தாலும், அது வணிகக் கணக்குகளுக்காக 1959-இல் அமெரிக்காவில் உருவாக்கத் தொடங்கப்பட்ட கணினி மொழி. என்னிடம் பொருளாதாரம் படித்த மாணவர்கள் சிலர் மாலை நேரங்களில் அதைக் கற்றுக்கொண்டு, 2000-ஆம் ஆண்டுக் கணினிச் சிக்கலைச் சரிசெய்யும் பணிக்காகச் சென்னைக்குச் சென்றனர்.

ஆண்டை இரண்டு இலக்கங்களில் குறித்ததால் நேர்ந்த அச்சிக்கல் தீர்ந்தது, கோபால் ஓய்வுபெறவில்லை. பல நாடுகளின் வங்கிகளும் காப்பீட்டு நிறுவனங்களும் அரசுத் துறைகளும் இன்றும் அதனை நம்பியிருக்கின்றன. அந்த நிரல்களைப் பராமரிக்கும் பணியில் சென்னை, பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் இளைஞர்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

கரோனா பொதுமுடக்கத்தின்போது, 2020 ஏப்ரலில், கோபால் அறிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று அமெரிக்காவின் நியூஜெர்சி மாகாண ஆளுநர் பில் மர்பி வேண்டுகோள் விடுத்தார். கோபால் நிரல்களை ஜாவா மொழிக்கு மாற்ற உதவும் செயற்கை நுண்ணறிவுக் கருவியை 2023 ஆகஸ்டில் ஐபிஎம் நிறுவனம் அறிவித்தது. 'மொழியையே மாற்றிவிடலாமா' என்ற இந்தப் பெரிய கேள்வியின் இரைச்சலில், அன்றாடம் எழும் சிறிய கேள்வி ஒன்று அமுங்கிப்போகிறது. கோபாலில் தொடர்ந்து எழுதுவோர், பழைய நடையிலேயே எழுத வேண்டுமா, புதிய நடையை ஏற்க வேண்டுமா?

நடை என்பது இங்கு வெறும் அழகு அல்ல. "இருப்பு குறைந்தால், அறிவிப்பு அனுப்பு, கட்டணத்தைக் கழி" என்பது ஒரு கட்டளை என்று கொள்வோம். பழைய கோபாலில் நிபந்தனை எங்கு முடிகிறது என்பதைக் காட்டுவது முற்றுப்புள்ளி மட்டுமே. "அறிவிப்பு அனுப்பு" என்பதற்குப் பின் ஒரு புள்ளி தவறி விழுந்துவிட்டால், கட்டணம் எல்லாருடைய கணக்கிலும் கழிக்கப்படும். கணினி அதைப் பிழை என்று சொல்லாது. 1985-ஆம் ஆண்டுத் தரநிலை, நிபந்தனையின் முடிவை வெளிப்படையாகக் குறிக்கும் 'எண்ட்-இஃப்' என்ற சொல்லைத் தந்தது. ஆயினும், "எப்போதும் இப்படித்தான் எழுதுகிறோம்" என்று பழைய வழக்கத்தைத் தொடர்வோர் இன்றும் உளர்.

அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல பத்தாண்டுகளாகப் பிழையின்றி ஓடும் நிரலை நடைக்காகத் திருத்தினால் புதிய பிழை நுழையலாம். ஒரே நிரலில் இரண்டு நடைகள் கலந்தால் படிப்பவர் தடுமாறுவார். புதியவை அனைத்தும் பயனுள்ளவை என்றும் சொல்ல இயலாது. 2002-ஆம் ஆண்டுத் தரநிலை அறிமுகப்படுத்திய பொருள்நோக்கு முறை, கோபால் உலகில் பெரிதாக வேரூன்றவில்லை.

இதே சிக்கலைத் தமிழ் ஏற்கெனவே சந்தித்திருக்கிறது. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. எகர ஏகார வேறுபாடும் எழுத்தில் தெரியாது. எழுதியவருக்கு அது எளிது. படித்துப் பதிப்பித்தவர்களுக்கோ பெரும்பாடு. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெட்டெழுத்துகளுக்கு வேறுபாடு காட்டியது மொழியை மாற்றவில்லை, ஐயத்தை நீக்கியது. 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றபோது, நூலகங்களில் இருந்த பழைய நூல்களை யாரும் திரும்ப அச்சிடச் சொல்லவில்லை. புதிய நூல்கள் புதிய எழுத்தில் வந்தன. பழையவை மறுபதிப்புக் காணும்போது மாறின.

கோபாலுக்கும் அதுவே தகுந்த வழி. புதிதாக எழுதுவதைப் புதிய நடையில் எழுதலாம். சட்டமோ வரி விகிதமோ மாறுவதால் ஒரு பகுதியைத் திறக்க நேர்ந்தால், அப்பகுதியை மட்டும் சீர்செய்யலாம். தொட வேண்டாத பகுதியை நடைக்காக மட்டும் தொட வேண்டியதில்லை. எதை ஏற்பது என்பதற்கும் ஓர் அளவுகோல் போதும்: அது படிப்பவரின் ஐயத்தை நீக்குகிறதா, எழுதுபவரின் ஆசையை நிறைவேற்றுகிறதா?

ஒட்டுமொத்த மாற்றத்தின் விலை என்ன என்பதைப் பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி காட்டியது. 2018 ஏப்ரலில் அவ்வங்கி புதிய கணினி அமைப்புக்கு மாறியபோது, சுமார் 19 லட்சம் வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கை அணுக முடியாமல் தவித்தனர். 2022 டிசம்பரில் ஒழுங்குமுறை அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டு.

எங்கள் ஊர் அருணாசலேசுவரர் கோயிலில் 2017 பிப்ரவரியில் குடமுழுக்கு நடைபெற்றது. 217 அடி ராஜகோபுரத்தை இடித்துவிட்டா புதுப்பித்தார்கள்? திருப்பணிக்கு முன் பாலாலயம் செய்வது மரபு. வழிபாடு தடைபடாமல் பணி நடக்கும். மென்பொருளிலும் பழையதும் புதியதும் சிறிது காலம் அருகருகே ஓடி, இரண்டின் விடையும் பைசா பிசகாமல் ஒத்துப்போக வேண்டும். அதுவரை பழையதை நிறுத்தக் கூடாது.

இதற்குச் செலவாகும். பராமரிப்பு ஒப்பந்தங்களில் குறைந்த விலைக்கே முதலிடம் என்றால், திருத்தும் நேரமும் சோதிக்கும் நேரமும்தான் முதலில் வெட்டப்படும். மிச்சமாகும் பணம் நிறுவனத்துக்கு. பிழையின் சுமை கணக்கு வைத்திருப்பவருக்கு. பொருளியலில் இதைப் புறவிளைவு என்கிறோம். எனவே, எழுத்து நடைக்கான விதிகளையும் இணையோட்டச் சோதனையையும் ஒப்பந்தத்திலேயே சேர்ப்பது வங்கிகளின் கடமை. அதை உறுதிசெய்வது தணிக்கையாளர்களின் கடமை.

மாதத்தின் கடைசி நாளில், ஓய்வூதியம் வந்துவிட்டதா என்று வங்கிக் கணக்குப் புத்தகத்துடன் வரிசையில் நிற்பவர்களில் நானும் ஒருவன். அந்தத் தொகை எந்த மொழியில், எந்த நடையில் கணக்கிடப்பட்டது என்பதை அந்த வரிசை அறியாது, அறியவும் வேண்டாம். ஆனால், அதைக் கணக்கிடும் நிரலைத் திறந்து பார்ப்பவருக்கு அது ஐயமின்றிப் புரிய வேண்டும்.