மாவட்டக் கணக்கில் நம் வார்டைத் தேடாதீர்கள்

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்தில் சுகாதாரம் பற்றிப் பேச்சு எழும் கூட்டங்களில் ஒரு வாதம் தவறாமல் வந்துவிடுகிறது: "தேசியக் குடும்ப நல ஆய்வு பொதுத் தரவுதானே, இணையத்தில் கிடக்கிறது. இறக்கி, நம்ம பகுதியை மட்டும் பிரித்தெடுத்துத் திட்ட அறிக்கையில் போட்டால் போச்சு." கூடவே இன்னொன்றும் சொல்வார்கள். எல்லைக்கு இப்பால் நெய்யாற்றின்கரை, அப்பால் விளவங்கோடு. ஒரே மண், ஒரே மக்கள், இரண்டு அரசுகள். கேரளத்தையும் தமிழ்நாட்டையும் ஒப்பிட இதைவிட நல்ல இடம் ஏது?

சொல்பவர்களின் நோக்கத்தில் குறை இல்லை. ஊருக்கு ஏதாவது நடக்க வேண்டும் என்ற அக்கறையில்தான் பேசுகிறார்கள். ஆனால் இந்த வாதத்தை அப்படியே ஏற்றால் ஊருக்குக் கிடைப்பது தவறான கணக்கு. ஆய்வுக்குப் பதில் தந்த பெண்களுக்கும் அது துரோகம்.

முதலில் 'பொதுத் தரவு' என்ற சொல். மத்திய சுகாதார அமைச்சகத்துக்காக மும்பையிலுள்ள ஐ.ஐ.பி.எஸ். நிறுவனம் இந்த ஆய்வை 1992-93 முதல் நடத்தி வருகிறது. 2019-21இல் நடந்த ஐந்தாம் சுற்றில் 707 மாவட்டங்களில் 6,36,699 வீடுகளுக்குப் போனார்கள். இதிலிருந்து வெளிவருவது இரண்டு வகை. நாடு, மாநிலம், மாவட்டம் என்று அச்சிட்ட அறிக்கைகள் ஒரு வகை. அவற்றை யாரும் யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம், படிக்கலாம், மேற்கோள் காட்டலாம். மற்றது ஒவ்வொரு வீட்டின், ஒவ்வொரு பெண்ணின் பதிலும் தனித்தனி வரியாக இருக்கும் மூலத் தரவு. பெயரும் முகவரியும் அதில் இருக்காது. ஆனாலும் அது திறந்து கிடப்பதில்லை. அமெரிக்க அரசின் உதவியில் அங்கிருந்து இயங்கிவந்த டி.எச்.எஸ். (மக்கள்தொகை, சுகாதார ஆய்வு) திட்டத்தின் தளத்தில் பெயரைப் பதிவுசெய்து, எந்த ஆய்வுக்கு வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, ஒப்புதல் பெற்றுத்தான் இறக்க வேண்டும். காசு கிடையாது, நிபந்தனை உண்டு. எவரையும் அடையாளம் காண முயலக் கூடாது. வாங்கிய தரவை இன்னொருவருக்குக் கைமாற்றக் கூடாது. வேறு ஆய்வுக்கு வேண்டுமென்றால் மறுபடி கேட்க வேண்டும்.

2025 தொடக்கத்தில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை நிறுத்தியபோது அந்தத் திட்டமே முடங்கி, புதிய கோரிக்கைகளுக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் போனது. அப்படி வாசல் அடைபடும்போது, ஏற்கெனவே வைத்திருப்பவரிடம் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளலாம் என்று தோன்றும். நம் நாட்டுப் பெண்களின் பதில்களை நாம் படிக்க வெளிநாட்டுத் தளத்தில் காத்திருக்க வேண்டியிருக்கிறதே என்ற கோபம் எனக்கும் உண்டு. தீர்வு, உள்நாட்டிலேயே உறுதியான, எளிய வழி ஒன்று வேண்டும் என்று அரசிடம் கேட்பதுதான். பென் டிரைவ் அல்ல.

ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கிறார்கள். அந்த வினாத்தாளைப் படித்துப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். கரு கலைந்ததா, கலைத்ததா. பிறந்து இறந்த குழந்தை எத்தனை நாள் உயிரோடு இருந்தது. கணவன் அறைந்தானா, உதைத்தானா. வன்முறை பற்றிய கேள்விகளை ஒரு வீட்டில் ஒரே ஒரு பெண்ணிடம்தான் கேட்பார்கள். தனிமை கிடைக்காவிட்டால் அந்தப் பகுதியையே விட்டுவிட வேண்டும் என்பது விதி. மாமியார் அடுக்களையில் இருக்க, முன்னறையில் தாழ்ந்த குரலில் சொன்ன பதில் அது. 'உங்கள் பதில் வெளியே போகாது' என்று சொல்லித்தான் வாங்கினார்கள்.

ஆய்வுக்குத் தேர்ந்தெடுக்கும் ஒவ்வொரு சிறு பகுதியும் ஒரு கிளஸ்டர்; ஒரு கிளஸ்டரில் 22 வீடுகள். அந்த 22க்குள் இரட்டைக் குழந்தை பெற்றவர் ஒருவர்தான் இருப்பார். நாற்பது வயதுக்குமேல் பிரசவித்தவர் ஒருவர்தான் இருப்பார். பெயர் இல்லாவிட்டால் என்ன, உள்ளூர்க்காரருக்கு இந்த அடையாளமே போதும். 2020 ஏப்ரலில் ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்கத் தரவு நிறுவனம் தொடர்பான விவகாரத்தில், கோவிட் நோயாளிகளின் விவரங்களை அடையாளம் நீக்கிய பிறகே அந்த நிறுவனம் கையாளலாம் என்று கேரள உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. அன்று கொதித்த நாம், நம் கையில் தரவு வரும்போது மட்டும் தளர்ந்துவிட முடியாது.

அடுத்து, "நம்ம ஊர் அதில் இருக்கிறது" என்பது. இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்போம். கேரளத்தில் ஐந்தாம் சுற்றில் 12,330 வீடுகள். மாவட்டங்கள் 14. சராசரியாக மாவட்டத்துக்கு 880 வீடு; கிளஸ்டருக்கு 22 வீடு என்றால் ஏறக்குறைய 40 கிளஸ்டர். 2011 கணக்கெடுப்பில் 33 லட்சம் பேர் வாழ்ந்த திருவனந்தபுரம் மாவட்டத்தில் கிராமப் பஞ்சாயத்துகள் மட்டும் 73. அவற்றோடு நகராட்சிகளும் மாநகராட்சியும். ஆக, பஞ்சாயத்துக்கு ஒரு கிளஸ்டர்கூட வராது. செங்கல் பஞ்சாயத்தில் ஒன்று விழுந்திருக்கலாம், குன்னத்துக்காலில் விழாமலே போயிருக்கலாம். விழுந்திருந்தாலும் 22 வீட்டை வைத்து ஒரு பஞ்சாயத்தைப் பற்றி எதையும் சொல்ல முடியாது. இந்த ஆய்வு மாவட்டத்துக்காக வடிவமைக்கப்பட்டது. மாவட்டம்தான் அதன் கீழ்ப்படி.

அந்தக் கீழ்ப்படியிலும் கால் வழுக்கும் இடங்கள் உண்டு. மாவட்டத் தகவல் தாளை எடுத்துப் பாருங்கள்: சில எண்கள் அடைப்புக்குறிக்குள் நிற்கும், சில இடங்களில் எண்ணே இல்லாமல் ஒரு நட்சத்திரக் குறி மட்டும் இருக்கும். அடைப்புக்குறி என்றால் அந்த விகிதம் 25 முதல் 49 பேரை மட்டும் வைத்துப் போடப்பட்டது. நட்சத்திரம் என்றால் 25 பேர்கூட இல்லை, அதனால் எண்ணை அச்சிடவில்லை. திட்ட அறிக்கைகளில் இந்த எண்கள் நகலாகும்போது முதலில் உதிர்வது அந்த அடைப்புக்குறிதான். தயங்கித் தயங்கிச் சொல்லப்பட்ட 30 சதவீதம், அடுத்த தாளில் தலை நிமிர்ந்த 30 சதவீதம் ஆகிவிடுகிறது. சிசு மரண விகிதம் மாவட்டத் தாளில் இருக்கவே இருக்காது. அதைச் சொல்ல மாவட்ட மாதிரி போதாது என்று ஆய்வு நடத்தியவர்களுக்கே தெரியும்.

"சரி, ஜி.பி.எஸ். புள்ளி இருக்கிறதே, அதை வரைபடத்தில் வைத்தால் ஊர் தெரியுமே" என்று அடுத்த கேள்வி வரும். இருக்கிறது, அதற்குத் தனி ஒப்புதல் வாங்க வேண்டும். ஆனால் அந்தப் புள்ளிகள் வேண்டுமென்றே நகர்த்தப்பட்டவை. நகர்ப்புறக் கிளஸ்டரை 2 கிலோமீட்டர் வரையிலும் கிராமப்புறக் கிளஸ்டரை 5 கிலோமீட்டர் வரையிலும் ஏதாவதொரு திசையில் தள்ளி வைப்பார்கள். கிராமப்புறத்தில் நூற்றில் ஒன்றை 10 கிலோமீட்டர் வரைகூடத் தள்ளுவார்கள். பாறசாலையிலிருந்து எல்லைக்கு அப்பாலுள்ள களியக்காவிளை சில கிலோமீட்டர்தான். இங்கே இப்படி நகர்ந்த ஒரு புள்ளியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போடுகிற ஆய்வு மாணவரின் வட்டத்துக்குள் இரண்டு மாநிலங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களும் வந்துவிடும். 'அருகிலுள்ள மருத்துவமனைக்கு எவ்வளவு தூரம்' என்று அவர் கணக்கிடுவது, யாரும் வசிக்காத ஓர் இடத்திலிருந்து. ரப்பர் தோட்டத்துக்கு நடுவில் புள்ளி விழுந்தால் அவருக்கே சந்தேகம் வரும். சந்தை முக்கில் விழுந்துவிட்டால் நம்பிவிடுவார்.

இனி எல்லை ஒப்பீடு. இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். ஐந்தாம் சுற்றில் கேரளத்தின் சிசு மரண விகிதம் ஆயிரத்துக்கு 4.4, தமிழ்நாட்டில் 18.6. உடனே, 'எல்லையிலுள்ள இஞ்சிவிளையைத் தாண்டினால் குழந்தைக்கு நாலு மடங்கு ஆபத்து' என்று எழுதிவிடலாம். எழுதக் கூடாது. 18.6 என்பது சென்னையும் தருமபுரியும் இராமநாதபுரமும் சேர்ந்த சராசரி. கன்னியாகுமரியின் எண் அல்ல அது. விளவங்கோட்டின் எண் அல்லவே அல்ல. கேரளத்துப் பொழியூரிலிருந்து தமிழ்நாட்டு நீரோடிக்கு ஒரே கடற்கரை. அங்குள்ள மீனவர் வீடுகளில் பிறக்கும் குழந்தையின் உயிரை இரண்டு மாநிலங்களின் சராசரிகள் தீர்மானிப்பதில்லை. போதாததற்கு, இந்த விகிதங்களில் பிழை வரம்பும் பெரிது. கேரள மாதிரியில் ஐந்தாண்டுகளில் நேர்ந்த மரணங்கள் மிகச் சில என்பதால், ஓரிரண்டு கூடினாலும் குறைந்தாலும் விகிதம் நகரும். தொடர்ந்து பிறப்பு இறப்புகளைப் பதிவுசெய்யும் மாதிரிப் பதிவு முறையின் 2020ஆம் ஆண்டுக் கணக்கில் கேரளம் 6, தமிழ்நாடு 13. கேரளம் முன்னே நிற்பதில் மாற்றமில்லை. நாலு மடங்கு எங்கே போனது?

காலமும் ஒன்றல்ல. கேரளத்தில் களப்பணி முதல் கட்டத்தில், கோவிட் வருவதற்கு முன்பே முடிந்தது. தமிழ்நாடு இரண்டாம் கட்டம்; ஊரடங்குக்கு முன் பாதி, பின் பாதி. எல்லையே அடைத்துக் கிடந்த மாதங்களைக் கடந்து வந்த தாய்மார்களின் பதில்கள் அவற்றில் உண்டு.

பிரசவத்தை எடுத்துக்கொள்வோம். செங்கலில் பிறந்து எல்லைக்கு அப்பால் மார்த்தாண்டத்தில் வாழ்க்கைப்பட்ட பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே கர்ப்பம் பதிவாகி, அதற்கான பிக்மி எண்ணும் வாங்கிவிட்டாள். ஏழாம் மாதத்தில் தாய்வீட்டுக்கு வருகிறாள். பிரசவம் பாறசாலை தாலுகா மருத்துவமனையிலோ காரக்கோணம் மருத்துவக் கல்லூரியிலோ நடக்கிறது. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி குழந்தை எங்கே பிறந்ததோ அங்கே பதிவு. ஆகவே அது கேரளத்துப் பஞ்சாயத்தின் கணக்கு. ஆய்வுக்காரர்கள் அந்த வாரம் வாசலில் வந்து நின்றால், 'நேற்றிரவு இந்த வீட்டில் தங்கியவர்கள் யார் யார்' என்று கேட்பார்கள். அவள் தங்கியிருக்கிறாள். விருந்தாளி என்ற குறிப்போடு கேரள மாதிரியில் சேர்வாள். மூன்று மாதம் கழித்துக் கணவன் வீட்டுக்குப் போன பிறகு வந்தால் தமிழ்நாட்டில் சேர்வாள். அப்போது பிரசவம் அரசு மருத்துவமனையிலா தனியாரிலா என்று கேட்பார்கள். எந்த மாநிலத்தில் என்று கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் சிசேரியன் 44.9 சதவீதம், கேரளத்தில் 38.9 என்று ஐந்தாம் சுற்று சொல்கிறது. இரண்டு பக்கமும் போய் வரும் இந்தக் கிராமங்களில், எந்தக் கத்தி எந்தக் கணக்கில் ஏறியது என்று இந்தத் தரவிலிருந்து யாராலும் பிரிக்க முடியாது.

இரண்டு மாநிலத் தரவையும் ஒட்டிப் பார்ப்பவர்கள் எடை மதிப்பையும் மறந்துவிடுகிறார்கள். ஒவ்வொரு பெண்ணின் வரிக்கும், அவர் எத்தனை பேருக்காக நிற்கிறார் என்பதற்கு ஓர் எடை உண்டு. மாநிலத்துக்குள் பார்க்க ஒன்று, மாநிலங்களைச் சேர்த்துப் பார்க்க வேறொன்று. எடை போடாமல் தலையை மட்டும் எண்ணினால் வருவது மக்கள்தொகையின் விகிதமாகாது.

தமிழர் அமைப்புகள் சில கேட்பது இன்னும் உணர்வானது: "தமிழ் பேசுகிறவர்களை மட்டும் தனியாக எடுங்கள், அரசு நம்மைக் கவனிக்கவில்லை என்று நிறுவலாம்." வினாத்தாளின் முகப்பில் பதில் சொன்னவரின் தாய்மொழியைக் குறிக்க இடம் உண்டுதான். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு சென்னை மாநிலத்துக்குப் போய் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றதிலிருந்து, நம்மை யாரும் தனியாக எண்ணவில்லை என்ற வலி இங்கே இருக்கிறது; அது நியாயமான வலி. ஆனால் மாவட்டம் முழுவதற்கும் 40 கிளஸ்டர் இருக்கும் தரவில் நெய்யாற்றின்கரைத் தமிழர் சில பத்துப் பேர் தேறினாலே அதிகம். அதிலும், வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த பெண், மலையாளத்தில் கேட்கிறவரிடம் எதைத் தாய்மொழி என்று சொல்வாள்? இவ்வளவு மெல்லிய எண்ணை வைத்து வழக்காடினால் எதிர்த்தரப்பு ஒரே நிமிடத்தில் கிழித்துவிடும். அப்புறம் உண்மையான புறக்கணிப்பைச் சொன்னாலும் நம்ப ஆளிருக்காது.

இவ்வளவும் கேட்ட பிறகு சிலர் மறுகோடிக்குப் போவார்கள்: "அப்படியென்றால் இந்த ஆய்வே வீண்." அதுவும் தவறு. ஐந்தாம் சுற்றின் மாதிரிச் சட்டகம் 2011 கணக்கெடுப்பைச் சார்ந்தது, பழையது என்ற விமர்சனத்தில் பொருள் இருக்கிறது. பஞ்சாயத்தாகவே இருந்தும் கணக்கெடுப்பில் நகரமாக எண்ணப்படும் சென்சஸ் நகரங்கள் கேரளத்தில் 2001இல் 99 ஆக இருந்து 2011இல் 461 ஆயின. அதற்குப் பின் என்ன மாறியது என்பது 2027 கணக்கெடுப்பில்தான் தெரியும். ஆனாலும் மாநிலம், மாவட்டம் என்ற அளவில், ஒரே கேள்விகளை ஒரே முறையில் சுற்றுக்குச் சுற்று கேட்கும் வேறு ஆய்வு இவ்வளவு பெரிதாக நம்மிடம் இல்லை. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் கேரளத்தில் நான்காம் சுற்றில் 19.7 சதவீதம், ஐந்தாம் சுற்றில் 23.4. தமிழ்நாட்டிலோ 27.1இலிருந்து 25.0 ஆகக் குறைந்தது. 'முதலிடம்' என்ற பேச்சில் அமுங்கிப் போகும் இந்தச் செய்தியை வேறெதுவும் இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. அதைப் படித்துவிட்டு, பாறசாலையில் எவ்வளவு என்று கேட்பது சரியான கேள்வி. பதிலை அங்கன்வாடியின் உயர அளவுப் பதிவேட்டில் தேட வேண்டும், மும்பையில் அல்ல.

ஊரே ஊரை எண்ணுவது கேரளத்துக்குப் புதிதல்ல. மக்கள் அறிவியல் இயக்கமான சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் தொண்டர்கள் 1987இல் கிராமங்களில் வீடு வீடாகப் போய், சாவு குறைந்தும் நோய் குறையாத கேரளத்தைக் காட்டினார்கள். 1996இல் தொடங்கிய மக்கள் திட்டத்தில் பஞ்சாயத்துகள் தங்கள் வளர்ச்சி அறிக்கையைத் தாங்களே எழுதின. எல்லைக் கிராமங்களுக்கு இன்று வேண்டியது சிறியது. இந்தப் பக்கத்து ஜே.பி.எச்.என். செவிலியரும் ஆஷா பணியாளர்களும், அந்தப் பக்கத்துக் கிராம சுகாதார செவிலியரும், மாதம் ஒருமுறை எண்ணிக்கையை மட்டும் பகிர்ந்துகொள்ளட்டும்: நிரந்தர வசிப்பிடம் எது, பிரசவம் எந்தப் பக்கம், சிசேரியனா, குழந்தையின் எடை என்ன. பெயர் வேண்டாம். வார்டு வாரியாக அச்சிடும்போது ஐந்துக்குக் குறைவான எண்ணை அச்சிட வேண்டாம். பதினெட்டு வயதுக்குள் கர்ப்பமானவர்கள் 'இரண்டு' என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினால், அந்த இருவர் யாரென்று சாயங்காலத்துக்குள் டீக்கடையில் தெரிந்துவிடும். திருவனந்தபுரம், கன்னியாகுமரி மாவட்டச் சுகாதார அலுவலகங்கள் இரண்டும் இதற்கு எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். நெய்யாற்றின்கரை, விளவங்கோடு சட்டமன்ற உறுப்பினர்களிடம் கோரிக்கையாக வைக்க வேண்டியது இதைத்தான்.