ஹந்தானைக்கு மேலே இரண்டு முறை பறக்க வேண்டும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொட்டிய மழையில் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதிக உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் கண்டி. அங்கே பலரைக் கொன்றது மண்சரிவு.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் எச்சரிக்கை மழை அளவைப் பார்த்து விடுக்கப்படுகிறது. 24 மணி நேரத்தில் 75 மி.மீ. பெய்தால் விழிப்பு, 100 ஆனால் எச்சரிக்கை, 150ஐத் தொட்டால் வெளியேற்றம். தேவையான ஏற்பாடுதான். ஆனால் எந்தச் சரிவு ஏற்கெனவே நகரத் தொடங்கிவிட்டது என்பதை மழைமானி காட்டாது.

விமானத்திலிருந்து பாய்ச்சும் லேசர் அதைக் காட்டும். துடிப்புகளில் பெரும்பகுதி இலைகளில் பட்டுத் திரும்ப, சில இடுக்குகளில் நுழைந்து தரையைத் தொட்டு மீள்கின்றன. அவற்றை மட்டும் பிரித்தெடுத்தால் காடும் தேயிலையும் நீங்கிய வெறும் நிலம் தெரிகிறது. பழைய சரிவுகளின் தழும்புகளும் தெரிகின்றன. 2014 மார்ச் 22 அன்று அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓசோவில் மலை சரிந்து 43 பேர் இறந்தார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பழைய தழும்புகள் அதற்கு முன்பே லேசர் படத்தில் பதிவாகியிருந்தன. அந்த மாநிலம் லேசர் அளவீட்டுக்குச் சட்டம் இயற்றியது அடுத்த ஆண்டில்தான்.

மாற்றத்தை அளக்க இரண்டாவது பறப்பு வேண்டும். முதல் தரைப்பரப்பை இரண்டாவதிலிருந்து கழித்தால் எங்கே நிலம் தாழ்ந்தது, எங்கே மண் குவிந்தது, எத்தனை கனமீட்டர் என்று கணக்கு வரும். செங்குத்தில் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் பிழை இருக்கும் என்பதால், அதற்கும் குறைந்த நகர்வை நம்ப முடியாது. சந்தேகமுள்ள சரிவில் தரைக் கருவிகளைப் பதிக்கத்தான் வேண்டும். ஹொங்கொங் 2010இல் தன் நிலப்பரப்பு முழுவதையும் இப்படி அளந்தது. 2020இல் மீண்டும் அளந்தது. கண்டிக்கும் அந்தப் பழக்கம் வேண்டும். வீட்டுக்கும் வீதிக்கும் மலையடியை வெட்டும் ஊர் இது. பூவெலிகடையில் 2020 செப்டம்பரில் ஐந்து மாடிக் கட்டடம் சரிந்து மூவர் இறந்ததை நகரம் மறந்திருக்காது. புதிதாக வெட்டிய சரிவுகளும் அந்தக் கழித்தல் கணக்கில் அகப்படும்.

அளப்பது மட்டும் போதாது என்பதற்கு மீரியபெத்தை தேயிலைத் தோட்டம் சாட்சி. 2005இலும் 2011இலும் அங்கே ஆபத்து அறிவிக்கப்பட்டது. போக வேறு நிலமில்லாத தோட்டத் தொழிலாளர்கள் லயங்களிலேயே இருந்தார்கள். 2014 அக்டோபர் 29 அன்று மலை அவர்கள்மேல் இறங்கியது. ஆகவே கண்டியின் ஹந்தானை மலையை அளக்கப் பணம் ஒதுக்கும்போதே இரண்டாவது பறப்புக்கும் மாற்றுக் காணிக்கும் சேர்த்து ஒதுக்குங்கள். முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் கிராம அலுவலர் வழியே அந்தந்தச் சரிவில் வாழ்பவர்களிடம் கொடுங்கள்.