சீனன்குடாவிலிருந்து ஒற்றைப் பையோடு

திருகோணமலையை அடுத்த சீனன்குடாவில் மார்கழி என்றால் மழை. வளிமண்டலவியல் திணைக்களத்தின் கணக்கில் வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. அதற்கு முந்திய இரண்டு மாதத்து இடைப்பருவ மழையும் கிழக்குக் கரையை விட்டுவைப்பதில்லை. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் உல்லாசப் பயணிகளை நம்பித் திறந்த விடுதிகள் பல, இந்த மாதங்களில் ஆளரவம் குறைந்து கிடக்கும். அதே வேளையில் தீவின் மேற்கிலும் தெற்கிலும் வெயில் எறிக்கத் தொடங்கும். தை பிறந்தால் மலைநாட்டு வானமும் தெளியும். ஐரோப்பியப் பனிக்குத் தப்பி வருகிறவர்கள் காலியிலும் மிரிஸ்ஸவிலும் குவிவது இதனால்தான். சீனன்குடாவில் குடியிருப்பவருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். மாரியில் தனியே ஊர் சுற்றப் புறப்படுகிறவர் முதலில் மேற்கே இறங்கி, பிறகு மலையேறி, வடக்கு வழியாகத் திரும்பலாம். மட்டக்களப்பு எவ்வளவு அருகில் இருந்தாலும் இதே மழையில் நனைகிற ஊர். அதை வைகாசிக்கு வைத்துக்கொள்வது நல்லது.

பயணம் தொடங்குவது ஊரின் புகையிரத நிலையத்தில். கல்லோயாச் சந்தியில் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம் கடந்து 1927இல் திருகோணமலையை எட்டிய பாதையில், திருகோணமலைக்கு முந்திய நிலையம் சீனன்குடா. பிரித்தானியர் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளும், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத்தளமும், பிற்பாடு வந்த மா ஆலையும் சீமெந்துத் தொழிற்சாலையும் இந்தப் பெயரை வெளியே பரப்பின. வேலைக்காக இங்கே வருகிறவர்கள் பலர். இங்கிருந்து ஊர் பார்ப்பதற்கென்றே தனியாகப் புறப்படுகிறவர்கள் சிலரே.

இருட்டிய பின் புறப்படும் கொழும்பு இரவு வண்டி, குறைந்த செலவுப் பயணத்தின் முதல் உதவி. போக்குவரத்துச் செலவும் ஓர் இரவின் தங்குசெலவும் ஒரே பயணச்சீட்டில் அடங்கிவிடுகின்றன. மூன்றாம் வகுப்பில் முதுகு நோகும். ஆனால் காசு மிஞ்சும். காட்டுப் பகுதிகளில் வண்டி மெதுவாக நகரும். 2025 பெப்ரவரி 20ஆம் திகதி ஹபரணைக்கு அருகே மட்டக்களப்புப் பாதையில் ரயில் மோதி ஆறு யானைகள் இறந்தன. அதை அறிந்தவருக்கு அந்தத் தாமதத்தைக் குறை சொல்ல மனம் வராது.

அடுத்த கேள்வி, இரவில் எங்கே தலைசாய்ப்பது என்பது. ஹொஸ்டல் என்றால் பாடசாலைப் பிள்ளைகளோ கம்பஸ் பிள்ளைகளோ தங்குமிடம் என்பதுதான் ஊரில் முதலில் தோன்றும் பொருள். பயணிகளின் ஹொஸ்டல் வேறு. அங்கே வாடகைக்குக் கிடைப்பது அறை அல்ல, ஒரு கட்டில். நான்கு, ஆறு, எட்டு பேர் படுக்கும் அறையில் அடுக்குக் கட்டில் ஒன்று, பையைப் பூட்டிவைக்க ஒரு பெட்டி, பொதுக் குளியலறை, சில இடங்களில் எல்லோருக்கும் பொதுவான குசினி. தனியாள் ஒருவர் அறை எடுத்தால் இருவருக்கான காசைத் தனியே கட்ட வேண்டியிருக்கிறது. கட்டில் கணக்கு அந்த அநியாயத்தை நீக்குகிறது.

இந்த ஏற்பாடு பிறந்ததும் ஒரு மழையில்தான். 1909 ஆகஸ்ட் 26 அன்று, மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்ற ஜெர்மன் ஆசிரியர் ரிச்சர்ட் ஷிர்மான் இடிமழையில் அகப்பட்டு, ஒரு கிராமப் பள்ளிக்கூடத்தில் வைக்கோல் பரப்பி அந்த இரவைக் கழித்தார். விடுமுறையில் பூட்டிக்கிடக்கும் பள்ளிக்கூடங்களைப் பயணிகளுக்குத் திறந்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அங்கே எழுந்தது. 1912இல் அல்தேனா என்ற ஊரின் பழங்கோட்டையில் முதலாவது நிரந்தர இளைஞர் விடுதி திறக்கப்பட்டது. தமிழருக்கு இந்த எண்ணம் புதிதல்ல. வழிப்போக்கர் யாரென்று கேளாமல் திண்ணை கொடுத்த மடங்கள் வடக்கிலும் கிழக்கிலும் இருந்தன. பருத்தித்துறையில் தெருவுக்கு மேலேயே கூரையிட்ட தெருமூடிமடத்தை இன்றும் போய்ப் பார்க்கலாம். சிங்களக் கிராமங்களில் அதே வேலையை அம்பலங்கள் செய்தன. வெள்ளைக்காரர் காலத்து வாடிவீடுகளோ உத்தியோகத்தரையும் வசதியானவரையும் எண்ணிக் கட்டப்பட்டவை. மடம் மறைந்து வாடிவீடு எஞ்சியபோது, காசில்லாத தனிவழிப் பயணி உறவினர் வீட்டை விட்டால் வேறு போக்கற்றுப்போனார்.

திருகோணமலைத் தமிழருக்கு இதில் இன்னொரு சுமையும் இருந்தது. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்கிலிருந்து தனியே கொழும்புக்குப் போனவர் லொட்ஜில் தங்கினால் பொலிஸ் பதிவு வேண்டும். எதற்காக வந்தீர் என்ற கேள்விக்குப் பதில் வேண்டும். 2007 ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் இருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு நகரை விட்டு அனுப்பப்பட்டனர். மறுநாள் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அந்தக் காலத்தை அனுபவித்த தாய் தகப்பன், பிள்ளை தனியாகப் போய் முன்பின் அறியாதவர்களோடு ஒரே அறையில் படுக்கப்போகிறது என்றால் பதறுவது இயல்பு. அந்தப் பதற்றத்தைப் பழமைவாதம் என்று தள்ளிவிட முடியாது. அடையாள அட்டையைக் காட்டிக் கையெழுத்து வைத்தால் திறப்பு கைக்கு வருகிறது என்பது, இந்தக் கரையில் வளர்ந்தவருக்குச் சிறிய காரியம் அல்ல.

ஆனால் எல்லா இடத்திலும் திறப்பு அப்படிக் கைக்கு வருவதில்லை. வெளிநாட்டவருக்கு மட்டும் என்று உள்ளூர்க்காரரைத் திருப்பி அனுப்பும் விடுதிகள் உல்லாசப் பயண ஊர்களில் உள்ளன. இது வெட்கக்கேடு, சொந்த நாட்டில் ஒருவர் அதைப் பொறுத்துப்போக வேண்டிய கடமை இல்லை. நடைமுறையில், பதிவு செய்யுமுன் தொலைபேசியில் அழைத்து, இலங்கையர் என்பதைச் சொல்லி, கட்டில் உண்டா என்று நேரே கேட்பது வீண் அலைச்சலைத் தவிர்க்கும். பெண்கள் தனியே போவதாயின் பெண்களுக்கு மட்டுமான அறை உள்ள விடுதியைத் தெரிவுசெய்வது வழக்கம். பூட்டு, துவாய், நுளம்புக்குப் பூசும் களிம்பு, ஈரத்துணியைச் சுற்ற ஒரு பொலித்தீன் பை ஆகியவை எல்லோருக்கும் வேண்டியவை.

கொழும்பில் ஒரு பகலும் ஓர் இரவும் போதும். விடியுமுன் கோட்டையில் இறங்குகிறவர் புறக்கோட்டையில் பாணும் பருப்பும் தின்று, காலிமுகத்திடலில் மாலை வரை நடந்து, கட்டிலில் விழலாம். அடுத்தது கண்டி. தலதா மாளிகைக்கு இலங்கையர் நுழைவுக் கட்டணம் செலுத்துவதில்லை. பேராதனைப் பூங்காவுக்குச் சிறு தொகைதான். வெளிநாட்டவரோடு ஒரே அறையில் படுத்தாலும், வாசல்களில் உள்ளூர்ப் பயணியின் செலவு அவர்களுடையதில் மிகச் சிறு பங்கு.

கண்டிக்கு மேலே போகும் மலைப்பாதைதான் பயணத்தின் உயிர். 1867இல் கண்டியை எட்டிய புகையிரதம் பதுளைக்குப் போய்ச்சேர 1924 ஆயிற்று. ஒதுக்கிய ஆசனங்கள் கண்மூடித் திறக்குமுன் தீர்ந்துவிடும். ஆனால் மூன்றாம் வகுப்பில் ஒதுக்கீடு இல்லாத பயணச்சீட்டை அன்றன்றே நிலையத்தில் வாங்கலாம். வாசலருகே நின்றபடி பார்க்கும் மலைக்கு ஈடில்லை. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலில் இந்தப் பாதை பல இடங்களில் மண்சரிவால் அறுபட்டது. எனவே எந்த நிலையம் வரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்துவிட்டே புறப்பட வேண்டும். ஓடாத இடத்துக்கு பஸ்ஸைத்தான் நம்ப வேண்டும். ஹற்றன், தலவாக்கலைப் பக்கம் வண்டிக்குள் வடை விற்பவரின் குரலில் தமிழ் கேட்கும். சீனன்குடாக்காரர் பலருக்குத் தோட்டத் தமிழர் வாழும் ஊர்களோடு அதுவே முதல் அறிமுகமாக இருக்கும்.

நானுஓயாவில் இறங்கினால் நுவரெலியா, 1,868 மீற்றர் உயரம். தை, மாசி விடியற்காலைகளில் சில நாட்களில் புல்லில் உறைபனி படியும்; தேயிலைக் கொழுந்து அதில் கருகும். கடற்கரையில் வாழ்கிறவரிடம் சுவெற்றர் இருப்பதில்லை. ஏற்றுமதியில் மிஞ்சிய தடித்த உடுப்புகள் நகரின் பேல் பசாரில் மலிவாகக் கிடைக்கும் என்பதால் ஊரிலிருந்து சுமக்கவும் தேவையில்லை. ஹோட்டன் சமவெளிக்குத் தனியாள் வான் பிடித்தால் பயணக்காசு முழுவதும் அங்கேயே கரைந்துவிடும். ஹொஸ்டலின் இன்னொரு பயன் அப்போது தெரியும்: முதல்நாள் இரவு பொது மேசையில் கேட்டால் வாடகையைப் பங்கிட நாலைந்து பேர் சேர்ந்துவிடுவார்கள். விடியுமுன் புறப்பட்டால்தான் முகில் மூடுமுன் உலக முடிவு என்ற மலைவிளிம்பிலிருந்து கீழே பார்க்கலாம்.

எல்லவில் பார்ப்பதற்கு அநேகமாகக் காசு தேவையில்லை. தெமோதரைக்கு அருகே 1921இல் கட்டி முடித்த ஒன்பது வளைவுப் பாலத்துக்கும், சிறிய சிவனொளிபாத மலைக்கும் கால்நடையே போதும். ஊரில் சாப்பாடுதான் விலை. பிரதான வீதியிலிருந்து விலகி, பஸ் சாரதிகள் சாப்பிடும் கடையில் சோற்றுப் பார்சல் வாங்குவது அறிந்தவர் வழி.

எல்லவிலிருந்து கண்டிக்குத் திரும்பினால், அங்கே தொடங்கும் ஏ9 வீதி யாழ்ப்பாணத்தில் முடிகிறது. ரயிலில் போக விரும்புகிறவர் கொழும்பிலிருந்து வரும் யாழ்தேவியில் போகலாம். 1956இல் ஓடத் தொடங்கி, 1990இல் யாழ்ப்பாணத்துக்கான பாதை அறுபட்டபின், 2014 ஒக்டோபரில் மீண்டும் அந்நகருக்குள் நுழைந்த வண்டி அது. யாழ்ப்பாணத்தில் ஹொஸ்டல்கள் சொற்பம். வீட்டோடு சேர்ந்த தங்குமிடங்களே அதிகம். பொங்கலை அண்டிய நாட்களில் புலம்பெயர்ந்தோரும் வந்து நிறைவதால் அங்கே மட்டும் முன்கூட்டியே இடம் பிடித்துவிட வேண்டும். வாடகைக்குச் சைக்கிள் எடுத்தால் கோட்டையும் நூலகமும் பண்ணைப் பாலமும் ஒரு காலைப் பொழுதுக்குள் அடங்கும். குறிகட்டுவானில் படகேறினால் நயினாதீவு.

திரும்பும் வழி வவுனியா, ஹொரவப்பொத்தானை. பஸ்ஸில் அரைநாளுக்கும் மேல் பிடிக்கும். இடையில் வயல்களில் நெல் குடலை தள்ளி நிற்கும். திருகோணமலை பஸ் நிலையத்தில் கிண்ணியா பஸ்ஸுக்கு மாறினால், சற்று நேரத்தில் குடாவின் நீர் தெரியத் தொடங்கும். சீனன்குடாச் சந்தியில் இறங்கும்போது மழை பெரும்பாலும் தூறலாகக் குறைந்திருக்கும்.