சோக் வாங்க முன்னர் கடதாசியில் ஒரு வெடி வைத்துப் பாருங்கள்

பெரும்போக வேளாண்மை குடலைப் பருவத்துக்கு வந்தால் எங்கட பக்கத்தில் எங்கே போனாலும் பன்றிக் கதைதான். இப்போது அதோடு இன்னொரு கதையும் சேர்ந்திருக்கிறது. வயல் காவலுக்கு லைசன்ஸ் துவக்கு வைத்திருக்கும் வீடுகளில் பிள்ளைகள் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "வாப்பா, இந்த சோக்கைப் போட்டா 60 யாருக்கும் அடிக்கலாமாம். மாமா வரக்குள்ள கொண்டுவரச் சொல்லுவமா?" என்று கேட்கிறார்கள்.

எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். கையில் இருக்கும் துவக்கு எப்படிச் சன்னம் போடுகிறது என்று அளந்து பார்க்காதவர், வெளிக் கம்பனி சோக்குக்குக் காசு செலவழிப்பது வீண். தூரத்தை நம்பி வாங்குவது வீணை விட மோசம், அது ஆபத்து.

சோக் என்பது துவக்குக் குழலின் வாய்ப்பக்கத்தில் இருக்கும் சிறு ஒடுக்கம். 12 போர் குழலின் உள்விட்டம் சுமார் 18.5 மில்லிமீற்றர். அதிலிருந்து கால் மில்லிமீற்றர் ஒடுங்கினால் இம்ப்ரூவ்ட் சிலிண்டர், அரை மில்லிமீற்றர் ஒடுங்கினால் மொடிஃபைட், 0.9 முதல் 1 மில்லிமீற்றர் வரை ஒடுங்கினால் ஃபுல். 40 யார் தூரத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் எத்தனை வீதம் சன்னம் விழுகிறது என்பதுதான் பழைய கணக்கு. இம்ப்ரூவ்ட் சிலிண்டருக்கு 50, மொடிஃபைட்டுக்கு 60, ஃபுல்லுக்கு 70 வீதம் என்பார்கள்.

இதை விளக்க எல்லோரும் தண்ணீர்க் குழாயின் வாயை விரலால் அமத்திப் பிடிப்பதைத்தான் உதாரணம் சொல்கிறார்கள். பாதிதான் சரி. குழாய் வாயை அமத்தினால் தண்ணீர் வேகமாகப் பாயும். சோக்கால் சன்னத்தின் வேகம் சொல்லும்படி கூடுவதில்லை. அது சன்னங்களைக் கொஞ்சத் தூரம் சேர்த்து வைத்திருக்கும், அவ்வளவுதான். 60 யாரில் ஒரு சன்னத்துக்கு எவ்வளவு பலம் மிச்சமோ, எந்த சோக்கைப் போட்டாலும் ஏறத்தாழ அதே பலம்தான். விளம்பரம் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்ளும்.

எஸ்.ஜி. தோட்டாவில் ஒன்பது அளவில்தான் பெரிய சன்னம் இருக்கும். தூரம் கூடக்கூட அவை விலகும். ஒன்று வயிற்றிலும் ஒன்று காலிலும் பட்ட பன்றி விழாது. இரத்தம் வடிய வடிய பற்றைக்குள் போய்ப் படுக்கும். விடிய விறகுக்குப் போகும் பெண்ணும், வரம்பால் பள்ளிக்கு வரும் பிள்ளையும் அந்தப் பற்றையைத் தாண்டித்தான் போகவேண்டும். அந்தச் சீவன் கிடந்து வதைபடுவது வேறு. நாங்கள் அதைச் சாப்பிடுவதில்லை என்பதால் அதற்கு நோவு குறைந்துவிடாது.

யானைக்கு இந்தப் பேச்சே வேண்டாம். யானையைச் சுடுவது குற்றம். காயப்பட்ட யானை ஊருக்கே ஆபத்து. அதற்கு யானைவெடி இருக்கிறது, அடுத்த கண்டத்துக் காவல்காரரின் சத்தமும் இருக்கிறது.

சரி, அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால் மூன்று விசயம் பாருங்கள்.

முதலாவது, உங்கள் குழலில் புரி இருக்கிறதா? எங்கட ஊர்களில் இருக்கும் பழைய ஒற்றைக் குழல் துவக்குகளில் பெரும்பாலும் சோக் குழலோடு சேர்ந்தே கடையப்பட்டது. அதில் எதையும் திருகிப் பூட்ட முடியாது. உள்ளே கடைந்து புரி போட்டுத் தருகிறோம் என்று லேத்துக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். மெல்லிய குழல் வெடித்தால் போவது உங்கள் கை. லைசன்ஸ் உள்ள துவக்கில் கை வைக்கவும், வெளிநாட்டிலிருந்து பாகம் தருவிக்கவும் முன்னர் பிரதேச செயலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, புரி இருந்தால் அது எந்தப் புரி? ரெமிங்டனின் ரெம்சோக் வேறு, பெரெட்டாவின் மொபில்சோக் வேறு. பிரவுணிங்கின் இன்வெக்டரும் இன்வெக்டர் பிளஸ்ஸும் பெயரில்தான் சொந்தம், ஒன்றுக்கொன்று பொருந்தாது. "கொஞ்சம் இறுக்கினால் போகும்" என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. சோக்கின் உள்விளிம்பு குழலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றால் சன்னம் அதில் போய் மோதும்.

மூன்றாவது, மேலே 'ஃபுல்' என்று எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். 12 போர் என்றாலும் ஒரு குழல் 18.4, இன்னொன்று 18.8 மில்லிமீற்றர் இருக்கும். குழலுக்கும் சோக்குக்கும் இடையிலான வித்தியாசம்தான் உண்மையான சோக். வான்கோழி வேட்டைக்கென்று விற்கும் மிக ஒடுக்கமான சோக்குகளில் பெரிய சன்னம் போடவேண்டாம் என்று செய்பவர்களே பலர் எச்சரிக்கிறார்கள். பெரிய சன்னம் அங்கே நெரிபட்டுக் கண்டபடி சிதறும். இரும்புச் சன்னத்துக்கும் ஃபுல் சோக் கூடாது. பெரிய சன்னத்துக்குப் பல துவக்குகளில் மொடிஃபைட்டே ஃபுல்லை விட ஒழுங்காகப் போடும்.

உங்கள் துவக்கு அப்படியா என்று எங்களுக்கும் தெரியாது, வீடியோக்காரருக்கும் தெரியாது. கடதாசிக்குத்தான் தெரியும். நான்கு அடிச் சதுரத்துக்குப் பெரிய கடதாசியை, பின்னால் உயர்ந்த மண் அணைக்கட்டு உள்ள இடத்தில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் கட்டுங்கள். காவலில் நீங்கள் உண்மையில் சுடும் தூரத்தை, 20 அல்லது 25 யாரை, அளந்து நில்லுங்கள். ஒரே வகைத் தோட்டாவில் மூன்று வெடி, ஒவ்வொன்றுக்கும் புதுக் கடதாசி. சன்னம் எங்கே விழுந்தது, எத்தனை வெளியே போனது என்று எண்ணுங்கள். பிறகு ஐந்து யார் பின்னுக்குப் போய் மீண்டும் பாருங்கள். எல்லாச் சன்னமும் ஒரு பன்றியின் நெஞ்சளவுக்குள் விழும் கடைசித் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் துவக்கின் எல்லை.

தோட்டா விற்கும் விலைக்கு மூன்றைக் கடதாசிக்குக் கொடுப்பதா என்று கேட்பீர்கள். ஒரு சோக்கின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அநேகமானோருக்கு அந்தக் கடதாசியைப் பார்த்த பிறகு சோக்கே தேவைப்படாது. வேறு வகைத் தோட்டாவோ, வரம்போடு இன்னும் பத்து யார் கிட்டப் போவதோ போதும்.

வாப்பாமாரிடம் சோக் கேட்கும் தம்பிமாருக்கு ஒன்று சொல்கிறோம். எல்லைக்கு வெளியே நிற்கும் மிருகத்துக்கு விசையை அமத்தாமல் இருப்பதுதான் காவல்காரனின் திறமை. அதை எந்தக் கம்பனியும் திருகிப் பூட்டித் தராது.