உலகம் வைத்த மொய்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பெண்கள் கூடி வெளியிடும் கொள்கைப் பிரகடனம்

பிரகடனம் எழுதுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடுதான், யு.என்.தேபர் தலைமையில், சோஷலிச பாணிச் சமுதாயமே லட்சியம் என்று தீர்மானம் போட்டது. பெரிய தலைவர்கள், பெரிய பந்தல், பெரிய வார்த்தைகள். எங்களுடையது சின்னது. ஆடிப் பாடி, வம்பளந்து, வயிறாரச் சாப்பிட்டு, அந்தச் சாக்கில் உலகத்து ஏழைகளுக்குப் பணம் திரட்டப் போகிறோம். அதைத் தருமம் என்று சொல்ல மாட்டோம். மொய் என்போம்.

தருமம் கொடுத்தவர் மறுநாளே மறந்துவிடலாம்; வாங்கியவர்தான் காலமெல்லாம் குனிந்து நிற்க வேண்டும். மொய்யில் அந்தத் தொல்லை இல்லை. வாங்கியதை நோட்டில் எழுதி வைக்கிறோம். அவர்கள் வீட்டில் விசேஷம் வரும்போது மேலே கொஞ்சம் போட்டுத் திருப்பி வைக்கிறோம். வாங்கியவருக்கு வெட்கம் கிடையாது. வைத்தவருக்குக் கர்வம் கிடையாது. மைக்கில் பேர் வாசிக்கும்போது மட்டும் லேசாக உண்டு, அதை மன்னித்துவிடலாம்.

நோட்டைப் புரட்டிப் பார்த்தால், உலகம் நமக்கு வைத்த மொய் ஏராளம். காமராஜர் 1956இல் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1961 முதல் அமெரிக்காவின் கேர் அமைப்பு அதற்குப் பால் பவுடரும் மற்ற உணவுப் பொருள்களும் தந்தது. எங்கள் அம்மாக்களில் பலர் அந்தப் பாலைக் குடித்து வளர்ந்தவர்கள். சரியாகக் கரையாமல் டம்ளரின் அடியில் தங்கும் மாவுக் கட்டியை விரலால் வழித்து நக்குவதற்குத்தான் சண்டையே நடக்கும் என்பார்கள். 1989இல் தருமபுரி மாவட்டத்தில், பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் சுயஉதவிக் குழுக்கள் தொடங்கின. இன்று நம் தெருவில் ஒரு குழு கூடி, சந்தா வசூலித்து, வங்கிக் கடன் வாங்குகிறதென்றால் அந்த வழியில் வந்ததுதான். 2004 சுனாமியின்போது எங்கெங்கிருந்தோ உதவி வந்தது. யார் யார் வைத்தார்கள் என்று முழுப் பட்டியல் போடவே ஒரு நோட்டு போதாது.

திருப்பி வைத்ததும் உண்டு. 2022இல் இலங்கை நெருக்கடியில் தவித்தபோது, மே 18 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழக அரசின் முதல் நிவாரணக் கப்பல் புறப்பட்டது. அதில் 9,000 டன் அரிசி, 200 டன் பால் பவுடர், கூடவே மருந்துகள். பால் பவுடர் வாங்கிக் குடித்த ஊர், பால் பவுடர் அனுப்பியது. எங்களுக்கு இந்த இயக்கம் தோன்றியதே அந்த ஒரு வரியிலிருந்துதான்.

முறையைப் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம். அங்கே ஆனி, ஆடி மாதங்களில் கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே மொய் விருந்து நடக்கும். பத்திரிகை அடித்து, கறிச்சோறு போட்டு, பணம் திரட்டித் தொழிலுக்கோ கடனுக்கோ எடுத்துக்கொள்வார்கள். 2024 ஜூலையில் வயநாட்டில் நிலச்சரிவு வந்தபோது, திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை இதே முறையில் விருந்து வைத்து, இலையில் உட்கார்ந்தவர்கள் மனமுவந்து வைத்ததை நிவாரணத்துக்குக் கொடுத்தது. வயநாடு வரை போன மொய், கடல் தாண்டியும் போகும்.

ஆகவே ஆண்டுதோறும் அக்டோபர் 17 அன்று, ஐ.நா. அறிவித்த வறுமை ஒழிப்பு நாளில், மணமக்கள் இல்லாத ஒரு கல்யாணம் நடத்துவோம். வடகிழக்குப் பருவமழை ஆரம்பிக்கும் நேரம், எனவே மொட்டை மாடி வேண்டாம், மண்டபம்தான். பந்தி பரிமாறுவது ஆண்கள். சாம்பார் சிந்தினால் 11 ரூபாய் அபராதம். ரசத்துக்கு முன்னால் மோரை ஊற்றினால் 21. விருந்துக்கு வந்த பெண்ணிடம் "என்னம்மா, இப்படி இளைச்சுட்டே?" என்றோ, "உன் பொண்ணுக்கு எப்போ?" என்றோ கேட்பவர் 51 ரூபாயை அங்கேயே வைக்க வேண்டும். இதிலேயே பாதித் தொகை தேறிவிடும் என்று நம்புகிறோம். சாப்பாட்டுக்குப் பிறகு தம்போலா. 54 விழுந்தால் எண்ணைச் சொல்லக் கூடாது, "பூந்தமல்லி பஸ்" என்றுதான் கூவ வேண்டும். மொய்க் கவரில் ஒற்றை ரூபாய் நாணயம் ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லாத கவர் செல்லாது.

சிறப்பு விருந்தினர் கிடையாது. பொன்னாடை கிடையாது, அந்தக் காசு உண்டியலுக்கு. எலும்பும் தோலுமான குழந்தையின் படத்தைப் பேனரில் போட மாட்டோம். நம் வீட்டுப் பிள்ளை பசியில் அழும்போது எவராவது படம் எடுத்து ஊர் ஊராகக் காட்டினால் சும்மா விடுவோமா?

"நம்ம ஊரில் ஏழையே இல்லையா?" என்ற கேள்வி எங்களுக்கு முன்பே மண்டபத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டது. இருக்கிறார்கள். மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றித் தண்ணீர் நின்றபோது சோற்றுப் பொட்டலம் கட்டிய கைகள்தான் இந்தப் பிரகடனத்தையும் எழுதுகின்றன. அந்த வேலை நிற்காது. ஆனால் இங்கே தெருமுனையில் ரேஷன் கடை இருக்கிறது, 2011 முதல் அரிசி இலவசம். அந்தக் கடையே இல்லாத நாடுகள் பல. நாளொன்றுக்கு 3 டாலருக்குக் கீழே வாழ்பவரைக் கொடிய வறுமையில் இருப்பவர் என்று உலக வங்கி 2025இல் கோட்டை மாற்றிப் போட்டது. அதற்குக் கீழே 80 கோடிப் பேருக்கு மேல். அந்த 3 டாலரைச் சந்தை விலைக்கு ரூபாயாக்கி, "இருநூற்றைம்பதுக்கு மேல வருதே" என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். அது வாங்கும் திறனை வைத்துப் போட்ட கணக்கு; நம் காய்கறிக் கடை விலைக்கு அந்த 3 டாலர் இருநூற்றைம்பதைவிட மிகக் குறைவு.

பணம் போகும் வழியையும் சொல்லிவிடுகிறோம். இங்கே பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செலவழித்தால் வரிவிலக்கு தானாக வராது, தனி ஒப்புதல் வேண்டும். அந்த வில்லங்கம் எங்களுக்கு வேண்டாம். யூனிசெஃப் போல இந்தியாவிலேயே நன்கொடை வாங்கி ரசீது தரும் அமைப்பு வழியாகவோ, 2022இல் நடந்ததுபோல் அரசே கேட்கும்போது அரசு வழியாகவோ அனுப்புவோம். ரசீதை மண்டப வாசலில் ஒட்டுவோம். சமையல் செலவை மொய்யிலிருந்து எடுக்க மாட்டோம். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் வீட்டுக்கு ஒரு பொருளாக வரும்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. மறதியில்லை, பெயர் சூட்டும் உரிமையையே முதல் விருந்தில் ஏலம் விடுகிறோம். ஆரம்ப விலை 101 ரூபாய். தன் பெயரையே வைக்க விரும்புபவர் இரண்டு மடங்கு கட்ட வேண்டும். கணவர் பெயரை வைக்க விரும்புபவர் நான்கு மடங்கு. அதையும் கணவரிடமிருந்தே வாங்கிக் கட்ட வேண்டும்.