நூற்றுக்கு எத்தனை?

ஒயினுக்கும் மார்க் போடுகிறார்கள். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் பார்க்கர் 1978-ல் ஆரம்பித்த பத்திரிகை மூலம் பிரபலமான முறை இது. 50-ல் தொடங்கி 100 வரை. 90-ஐத் தாண்டிய பாட்டில் பறக்கும். 84 வாங்கியது கடை அலமாரியில் தூசு படிந்து கிடக்கும்.

பரீட்சை என்றால் பாடத்திட்டமும் உண்டே. கபெர்னே, ஷார்டனே போன்ற பிரெஞ்சுத் திராட்சைகளில் பழகிய நாக்கு அந்தச் சாயலைத்தான் தேடும். இத்தாலியிலோ ஒயின் திராட்சை வகைகள் 350-க்கும் அதிகம். பலவற்றின் பெயர் பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியாது.

அப்படிப்பட்ட நான்கு வகைகளைச் சமீபத்தில் நண்பர்களுடன் ருசி பார்த்தேன். பாட்டில்களைக் காகிதத்தில் சுற்றி, பெயர் தெரியாமல். மார்க் 20-க்கு.

ரூக்கே: வடமேற்கே பியட்மான்ட் பகுதியின் சிவப்பு ஒயின். 1960-களில் ஒரு கிராமத்துப் பாதிரியார், சர்ச் நிலத்துத் திராட்சையிலிருந்து தயாரித்து இதற்குப் பெயர் வாங்கித் தந்தார். மூக்கருகே கொண்டு போனால் ரோஜா. விழுங்கிய பின் லேசான துவர்ப்பு. 15.

ஸ்கியோப்பெத்தீனோ: ஸ்லோவேனிய எல்லையில் உள்ள ஃப்ரியூலியைச் சேர்ந்தது. 1970-களில் அழிவின் விளிம்பில் இருந்தது. அனுமதிக்கப்பட்ட வகைகளின் பட்டியலில் இல்லாததால், நடுவதே சட்ட விரோதம். ஒரு தம்பதி பிடிவாதமாக நட்டுக் காப்பாற்றினார்கள். இதில் அடிக்கும் மிளகு வாசனை பிரமையல்ல. மிளகுக்கு மணம் தரும் ரோட்டண்டோன் என்ற ரசாயனமே இந்தத் திராட்சையிலும் இருக்கிறது. 16.

பெக்கொரீனோ: ஆட்டிடையர்களின் மலைப் பகுதியில் விளைந்த வெள்ளைத் திராட்சை. பெயரிலேயே ஆடு இருக்கிறது. 1980-களில் மீட்கப்பட்டது. எலுமிச்சை போன்ற நறுக்கென்ற புளிப்பு. பொரித்த மீனுக்குப் பொருத்தம். 14.

கடைசியாக டிமொராஸோ. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றினோம். வாசனையே இல்லை. "வெறும் தண்ணீர்" என்றார் ஒரு நண்பர். ஒருமனதாக 11. பேச்சு சாப்பாட்டுக்குத் திரும்பியது. ஒரு மணி நேரம் கழித்து மிச்சத்தை எடுத்துக் குடித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். குளிர் விட்டதும் தேன், உலர்ந்த பழம், மழை நனைத்த கல்லின் மணம் எல்லாம் வெளியே வந்திருந்தன. அதே கிளாஸுக்கு இப்போது 17.

டிமொராஸோவுக்கு இந்த அவசரத் தீர்ப்பு புதிதல்ல. வளர்ப்பது கஷ்டம், விளைச்சல் குறைவு என்று டொர்டோனா மலைச்சரிவுகளில் விவசாயிகள் இதைப் பிடுங்கிவிட்டு, அதிகம் காய்க்கும் கொர்த்தேஸேயை நட்டார்கள். வால்டர் மாஸா என்ற விவசாயி மட்டும் மீதமிருந்த கொஞ்சம் கொடிகளை விடவில்லை. 1987-ல் அதைத் தனி ஒயினாகத் தயாரிக்கத் தொடங்கினார். இன்று புகழ்பெற்ற பரோலோ தயாரிப்பாளர்களே அங்கு நிலம் வாங்கி இதை நடுகிறார்கள்.

ஒரே நாளில் பல டஜன் ஒயின்களைச் சுவைத்துத் துப்பும் நிபுணருக்கு, ஒரு கிளாஸுக்காக ஒரு மணி நேரம் காத்திருக்க நேரம் ஏது? அவர் போடுவது முதல் நிமிடத்தின் மார்க். அதைப் பார்த்துத்தான் கடைக்காரர் வாங்குகிறார். வாங்க ஆளில்லாத கொடியை விவசாயி பிடுங்குகிறார். பிடுங்கிய கொடிக்கு மறுகூட்டல் கிடையாது.

மார்க் போடுங்கள், தவறில்லை. பென்சிலால் போடுங்கள்.